தினமும் அரைமணி நேரம்தான் கிடைக்கிறது, வீட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கீழ்க்கட்டளைக்காரி (திங்கள், இரவு 10:50)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு படுக்கையறை ஃப்ளாட், மூன்றாவது மாடி, பால்கனி மெயின் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. மெட்ரோ வேலை ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் பக்கம் தூசி தூசிதான், காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் சாயங்காலம் என் சின்னவன் விரலால் பெயர் எழுதுகிறான். இத்தனை நாள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார், திரும்பிவர நாலைந்து மாதம் ஆகும், வேறு ஆள் வைக்க எனக்கு மனமில்லை, அவர் இடம் அவருக்கே இருக்கட்டும். மாமியாருக்கு முதுகுவலி, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் காலை 8:15க்குக் கிளம்பி சோழிங்கநல்லூர் போய் இரவு 7 மணிக்குத்தான் திரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டைக் கழுவித் துடைத்துப் பார்த்துவிட்டேன். திங்களன்று உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, புதன்கிழமைக்குள் வீடு பழையபடி ஆகிவிடுகிறது. தினமும் அரைமணி என்னால் முடியும், அதுவும் சேர்ந்தாற்போல் கிடைக்காது. அந்த நேரத்தில் எதைச் செய்வது, எதை விடுவது? நீங்கள் நிஜமாகச் செய்கிறதைச் சொல்லுங்கள்.

மூன்றுவிசில் (திங்கள், இரவு 11:20)

தோழி, எனக்கும் உங்கள் நிலைமைதான், ரெண்டு வருஷமாக ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். சுத்தம் செய்ய என்று தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. சமையலறையில் எப்படியும் நின்றுகொண்டுதானே இருக்கிறோம்? பால் காய்கிற வரை, குக்கர் மூன்று விசில் வருகிற வரை, டிகாக்‌ஷன் இறங்குகிற வரை. அந்த நேரத்தில் முன்பெல்லாம் போன் பார்ப்பேன். இப்போது பால் அடுப்பில் ஏறினால் மேடையைத் துடைப்பேன், அடுப்பை விட்டு நகராமல் செய்கிற வேலை என்பதால் பாலும் பொங்காது. குக்கர் வைத்தால் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு. திங்கள் மேல்தட்டு, செவ்வாய் அடுத்தது, வெள்ளிக்குள் மொத்த ஃப்ரிட்ஜும் முடிந்துவிடும். நாலு நாள் பழைய சாம்பார், வாடிப்போன கொத்தமல்லி எல்லாம் அன்றன்றே கண்ணில் படுகிறது.

குளித்துவிட்டு வெளியே வருவதற்கு முன் பாத்ரூம் சுவரில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டு வருவேன். எப்படியும் நனைந்துதான் இருக்கிறோம், சுவரும் நனைந்திருக்கிறது, ரெண்டு நிமிஷ வேலை. அதையே ஞாயிற்றுக்கிழமை காய்ந்த பாத்ரூமில் போய்ச் செய்தால் முக்கால் மணி நேரம் இழுக்கும்.

மந்தைவெளிப் பாட்டி (செவ்வாய், காலை 5:40)

கீழ்க்கட்டளை அம்மாடி, 46 வருஷம் குடும்பம் நடத்தின அனுபவத்தில் சொல்கிறேன். கையால் தேய்க்கிற வேலையில் பாதியைத் தண்ணீரிடம் விட்டுவிடு. ஊற வைப்பதற்குச் சோம்பல்பட்டுத்தான் பெண்கள் தோள்பட்டை தேய்ந்துபோகிறது.

கிரைண்டரில் மாவை வழித்தவுடனே ரெண்டு தம்ளர் தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓடவிடு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்று, அப்புறம் கழுவினால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. காயவிட்டால் கல்லில் ஒட்டினது சிமெண்ட் மாதிரி. பால் பாத்திரத்துக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், வெந்நீர் ஊற்றினால் ஆடை இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தோசைமாவுக் கிண்ணமும் அப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்கு மட்டும் வெந்நீர். அடிப்பிடித்த பாத்திரம் எவர்சில்வராக இருந்தால் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா போட்டுத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து இறக்கிவிடு, ராத்திரி முழுக்க அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

இன்னொன்று. ராத்திரி படுக்கும்போது சிங்க் காலியாக இருக்க வேண்டும். வீட்டில் வேறு எது கிடந்தாலும் கிடக்கட்டும், சிங்க் மட்டும் காலி. காலையில் எழுந்து முதலில் பார்க்கிற இடம் அது, அங்கே எச்சில் பாத்திரம் கிடந்தால் அன்றைய காலையே கெட்டுப்போகும். கரப்பானும் வராது. ஜல்லடையில் தங்கின சோற்றுப்பருக்கையை எடுத்துப் போட்டுவிட்டுப் படு.

துடைக்க மைக்ரோ துணி, அது இது என்று காசு செலவழிக்காதே. பழைய பருத்தி வேட்டியை நாலாகக் கிழித்து வைத்துக்கொள். அதைவிடத் தண்ணீர் உறிஞ்சுகிற துணியை நான் பார்த்ததில்லை.

போரூர் அப்பா (செவ்வாய், காலை 7:05)

தூசி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து நாங்களும் அதைத்தான் தின்று வாழ்கிறோம். வீட்டில் பெருக்கித் துடைப்பது என் பொறுப்பு, மனைவி சமையல், அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

1. காய்ந்த துணியால் தட்டாதீர்கள் மேடம். தூசி எழும்பி அரைமணி கழித்து அதே இடத்தில் வந்து உட்காரும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

2. மேலிருந்து கீழே வாருங்கள். ஃபேன், அலமாரி, மேசை, கடைசியில் தரை. தரையைத் துடைத்துவிட்டு ஃபேனில் கைவைத்தால் உழைப்பு வீண். ஃபேனுக்குப் பழைய தலையணை உறைதான் நல்லது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, இறக்கையை உறைக்குள் நுழைத்து, அழுத்திப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் தூசி அத்தனையும் உறைக்குள் விழுந்துவிடும், படுக்கையில் ஒரு துளி சிந்தாது. மூன்று இறக்கைக்கு நாலு நிமிஷம்.

3. ரோட்டுப் பக்க ஜன்னலைப் பகலில் சாத்தி வையுங்கள். உங்கள் மாமியார் வீட்டில் இருக்கிறார் என்பதால் முழுக்க மூட முடியாது, புரிகிறது, எதிர்ப் பக்க ஜன்னலைத் திறந்து வைக்கலாம். நான் ரோட்டுப் பக்க ஜன்னலில் கொசுவலைக்கு உள்ளே ஒரு பழைய காட்டன் புடவையைக் கட்டி, வாரம் ஒருமுறை அலசிப் போடுகிறேன். முதல் வாரம் அந்த அலசின தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றுமே பேசவில்லை.

4. வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒரு மிதியடி. வெளியே தேங்காய் நார், உள்ளே துணி. செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

தினமும் வீடு முழுக்கத் துடைக்க வேண்டாம். ஹாலும் சமையலறையும் தினம், படுக்கையறை வாரம் இரண்டு தடவை. எங்கள் வீட்டில் இதற்கு 12 நிமிஷம் ஆகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

மேன்ஷன் தம்பி (செவ்வாய், மதியம் 1:15)

அக்கா அண்ணன்களுக்கு வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் மேன்ஷனில் இருக்கிறேன், ஒரே அறை, மூன்று பேர். பெருக்குவதெல்லாம் பிரச்சினை இல்லை. தண்ணீர்தான் பிரச்சினை. பக்கெட், மக், குழாய் எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்பு படிந்து கல்லு மாதிரி ஆகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் அசிங்கமாகிறது. என்ன செய்யலாம்?

கொளத்தூர் ஜன்னல் (செவ்வாய், மதியம் 2:30)

தம்பி, தெருவில் சைக்கிளில் ஆசிட், பினாயில் விற்றுக்கொண்டு வருவார்கள் இல்லையா, அந்த ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி, கூடக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்று. உப்பும் போகும், கிருமியும் போகும், ஐந்து நிமிஷத்தில் பளபள.

வேதியியல் டீச்சர் (செவ்வாய், மதியம் 2:41)

தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதைப் படிக்கிற யாரும் செய்யாதீர்கள்.

கழிவறை ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலை அரிக்கிற விஷவாயு. ஜன்னல் இல்லாத சின்னப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கலந்து மூச்சுத் திணறினால், கழுவிவிட்டு வரலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும், இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பினாயில், பிளீச், ஆசிட், எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒன்றைக் கழுவித் தள்ளின பிறகுதான் இன்னொன்று.

கொளத்தூர் சார், நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்று தெரியும். என் அம்மாவும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், ஒருநாள் பாத்ரூமிலிருந்து கண் சிவந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் அந்த ஆசிட் பாட்டில் வந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

சரி, உப்புக்கு வருவோம். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். தண்ணீர் காய்ந்ததும் அவை வெள்ளையாகப் படிகின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத கசடாக மாறுகிறது, நீங்கள் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அழுக்கு கூடுவது அதனால்தான். இதற்கு லேசான புளிப்பு போதும். சமையல் வினிகர், அல்லது எலுமிச்சை மூடி, அல்லது மளிகைக் கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் ஒரு ஸ்பூனை ஒரு தம்ளர் வெந்நீரில் கரைத்தது. குழாயைச் சுற்றித் துணியை அதில் நனைத்துக் கட்டி அரைமணி விட்டுவிடுங்கள், சின்னச் சின்னக் குமிழாக நுரைத்துக் கரையும். பாட்டிம்மா சொன்னதுபோல வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அப்புறம் பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரு தேய். ஷவரில் துளை அடைத்திருந்தால், கேரி பையில் கரைசலை ஊற்றி ஷவர் தலையை அதற்குள் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆனால் மார்பிளிலும் மொசைக்கிலும் எந்தப் புளிப்பும் படக் கூடாது. மார்பிள் கால்சியம் கார்பனேட், மொசைக் சிமெண்டும் மார்பிள் சில்லும். உப்புக் கறையைக் கரைக்கிற அதே புளிப்பு தரையையும் கரைக்கும்.

மந்தைவெளிப் பாட்டி (செவ்வாய், மாலை 4:00)

டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. போன வருஷம் என் பிள்ளை ஆசைப்பட்டு ஒரு கம்பெனியை வரவழைத்து வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னான். வந்தவர்கள் ஹால் மொசைக்கில் என்னவோ ஊற்றித் தேய்த்தார்கள். 1978ல் போட்ட தரை, முகம் பார்க்கலாம், இப்போது சொரசொரவென்று கிடக்கிறது. கேட்டதற்குப் பழைய தரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எனக்கு அதைப் பார்க்கிறபோதெல்லாம் மனது ஆறவில்லை. யாரை வரவழைத்தாலும் கையில் என்ன பாட்டில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

மேன்ஷன் தம்பி (செவ்வாய், மாலை 6:10)

டீச்சர், ரொம்ப நன்றி. வினிகர் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம், கீழே ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்கிறோம். அது சரியா?

வேதியியல் டீச்சர் (செவ்வாய், மாலை 6:45)

அந்தத் தண்ணீரில் உப்பு சாதாரணத் தண்ணீரைவிட அதிகம், வடிகட்டின உப்பெல்லாம் அதில்தானே போகிறது. கழிவறைக்கு ஊற்ற, வாசல் கழுவ, மிதியடி அலச நல்லது. டைல்ஸ் துடைத்தால் காய்ந்ததும் மங்கலாகப் படலம் விழும். தண்ணீர்ப் பஞ்சமான நாட்களில் வேறு வழியில்லாவிட்டால் துடைத்துவிட்டு, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை இழுத்துவிடுங்கள்.

பினாயிலும் மூடிக் கணக்குத்தான், ஒரு வாளிக்கு ஒரு மூடி. அதிகம் விட்டால் தரை பிசுபிசுத்து அன்று மாலைக்குள் இரண்டு மடங்கு தூசியைப் பிடிக்கும்.

உப்புக்காற்று (செவ்வாய், இரவு 9:30)

திருவான்மியூரிலிருந்து எழுதுகிறேன், கடற்கரைக்கு ரெண்டு தெரு. எங்களுக்குத் தூசியைவிட ஈரம்தான் பகை. அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் பீரோவுக்குள் பூஞ்சை, தோல் செருப்பில் பச்சை, புத்தகத்தில் வாடை. பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, பின்னால் காற்று போக வேண்டும். வெயில் அடிக்கிற நாளெல்லாம், அரைமணியாவது, பீரோ கதவைத் திறந்து வைக்கிறேன். அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து உள்ளே வைக்கவே கூடாது, ஒரு துண்டு போதும், மொத்த அடுக்கும் நாறும். ஜன்னல் கிரில்லை மாதம் ஒருமுறை ஈரத்துணி, உடனே காய்ந்த துணி, அப்புறம் எண்ணெய் தொட்ட துணி என்று மூன்று தடவை துடைத்தால் துரு தள்ளிப்போகிறது.

யாரும் சொல்லாத இன்னொரு இடம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கீழே இருக்கிற தட்டு. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசு இந்த மாதிரி தெளிந்த தண்ணீரில்தான் முட்டை இடுகிறது, முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரத்தில் ஒரு நாள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை, அந்தத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில், மொட்டைமாடியில் கிடக்கிற உடைந்த வாளி, எல்லாவற்றையும் கொட்டுகிறோம். கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்க்கவும் வேண்டும், முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். எங்கள் குழந்தைக்கு மூன்று வருஷம் முன்னால் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வீட்டில் வேறு எந்த வேலையை விட்டாலும் இதை விடுவதில்லை.

அண்ணாநகர் மாடி (புதன், காலை 8:20)

எல்லோரும் துடைக்கிறதைப் பற்றியே பேசுகிறீர்கள். பொருளைக் குறையுங்கள். தூசி உட்கார இடம் இருந்தால்தானே உட்காரும்? ஷோகேஸ் பொம்மை, ஃப்ரிட்ஜ் மேல் வைத்த டப்பா, சாப்பாட்டு மேசையில் மருந்து, சாவி, மின் பில். நான் வாரத்துக்கு ஒரு பை கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு பை நிறையப் பொருள் வீட்டைவிட்டுப் போக வேண்டும். நல்ல துணி கேட்கிறவர்களுக்கு, பேப்பரும் அட்டையும் பழைய பேப்பர் கடைக்கு, பேட்டரி, பல்பு, உடைந்த சார்ஜர் எல்லாம் தனிப் பையில். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வைத்தால் காலையில் வருகிற தூய்மைப் பணியாளர்களுக்கும் கையைக் கிழித்துக்கொள்ளாமல் வேலை நடக்கும். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி மேலே எழுதிக் கொடுங்கள், தயவுசெய்து.

கீழ்க்கட்டளைக்காரி (புதன், இரவு 10:15)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். அண்ணாநகர் சார், நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் எங்கள் பரணில் இருப்பது மாமியாரின் பொருட்கள். பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, மாமனார் வேலை செய்த காலத்து டிரங்குப் பெட்டி. தூக்கிப் போடலாமா என்று நான் எப்படிக் கேட்பேன்? அவரே ஒருநாள் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அண்ணாநகர் மாடி (வியாழன், காலை 8:05)

நீங்கள் சொல்வதுதான் சரி, பெரியவர்களின் பொருளைத் தொட வேண்டாம். உங்களுடையதையும் பிள்ளைகளுடையதையும் மட்டும் பாருங்கள். போகிக்கு முன்னால் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டுங்கள். எங்கள் அம்மா பாதியைத் தானாகவே எடுத்துக் கொடுத்தார், மீதிப் பாதிக்கு ஒவ்வொரு கதை சொன்னார். எதையும் எரிக்காதீர்கள், பிளாஸ்டிக்கும் டயரும் எரிந்து ஊர் முழுக்கப் புகைமூட்டமாக விடிகிற போகியைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு வலிக்கிறது.

கீழ்க்கட்டளைக்காரி (மூன்று வாரம் கழித்து, சனி, மதியம் 3:30)

சொன்னபடி செய்தேன், எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று சொல்ல வந்தேன்.

சிங்க் காலியாக இருப்பது பழக்கமாகிவிட்டது. 21 நாளில் 2 நாள்தான் தவறியது. குக்கர் நேரத்து ஃப்ரிட்ஜ் தட்டு வாரம் மூன்று நாள் நடக்கிறது, அதுவே போதுமாக இருக்கிறது. ஜன்னலில் புடவை கட்டினோம், டிவி ஸ்டாண்டில் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி வர இப்போது மூன்று நாள் ஆகிறது. ஹால் துடைப்பதைக் கணவர் எடுத்துக்கொண்டார், போரூர் அப்பா எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன், மறுநாள் காலை நான் எதுவும் கேட்காமலே மாப்பை எடுத்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்த தட்டில் புழு நெளிந்ததைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, உப்புக்காற்று, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நிலைக்காதது, குளிக்கும்போது சுவர் தேய்ப்பது. காலையில் எனக்கு அந்த ரெண்டு நிமிஷம்கூட இல்லை. அதை சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டேன்.

மாமியார் கீழே குனிய முடியாது, ஆனால் உட்கார்ந்தபடி துணி மடிக்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சோபாவில் கிடந்த துணிமலை இப்போது இல்லை.

இன்னும் ஒரே ஒரு கேள்வி, சமையலறைச் சிம்னியின் வலையில் எண்ணெய் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைக்கலாமா?

வேதியியல் டீச்சர் (சனி, மாலை 5:00)

எவர்சில்வர் தகடு என்றால் தாராளமாக. அடுக்கடுக்கான மெல்லிய வலை என்றால் பெரும்பாலும் அலுமினியம், சலவை சோடா அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும், அதற்குச் சூடான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் மட்டும். சிம்னியோடு வந்த புத்தகத்தில் எது என்று போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஊறவைத்து அரைமணி கழித்து எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கீழ்க்கட்டளைக்காரி (சனி, மாலை 5:20)

அலுமினியம்தான் டீச்சர். நல்லவேளை கேட்டேன். லிக்விடில் போட்டுவிட்டேன், ஊறிக்கொண்டிருக்கிறது.